திறந்த நாள்

மாதக் கடைசியில் மெடிக்கலின் பின்தட்டுகளை இறக்கி
ஒவ்வொன்றாய்த் தேதி பார்ப்பது என் வேலை.
மூன்று மாதத்துக்குள் முடிகிறவை முன்வரிசைக்கு,
முடிந்துபோனவை அட்டைப்பெட்டிக்கு.
திங்களன்று பரமக்குடியிலிருந்து ஏஜென்ட் வண்டி வரும்.

தங்கச்சிமடத்தில் தேதிக்கு முன்னால்
காற்று தின்றுவிடும்.
நாப்கின் கட்டின் ஓரத்தில் பசை விட்டிருந்தால்
இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதென்று
அச்சடித்திருந்தாலும் விற்க மாட்டேன்.
"குளிக்கிற ரூம்புல வைக்காத, ஈரம் ஏறும்."
பாசிக்குப் போகிற ரோஸ்லின் சிரித்தாள்:
"விடிஞ்சதுலருந்து இடுப்புத் தண்ணியில நிக்கிறவகிட்ட
ஈரத்தப் பத்திப் பேசுறியே, எமல்டா."

எனக்குப் பதில் வரவில்லை.
எந்த அட்டையிலும் அதற்கு எழுதியிருக்கவும் இல்லை.

க்ரீம் டப்பாவின் அடியில் ஒரு படம் உண்டு.
மூடி விலகிய குட்டி ஜாடி,
அதன் வயிற்றில் 12 எம்.
தயாரித்த நாள், முடியும் நாள் தவிர
இது வேறொரு கணக்கு:
திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்.
என்றைக்குத் திறந்தோம் என்பது கம்பெனிக்குத் தெரியாது,
நாமேதான் குறித்து வைக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்த இரண்டாம் வாரம்
டோக்கன் போட்டுப் போன படகு.
நெடுந்தீவுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.
கூடப் போன நான்கு பேரும் ஆகஸ்டில் வந்துவிட்டார்கள்.
இன்னாசி டிரைவர்,
அவனுக்கு மட்டும் வேறு சட்டம்.
பதினாலு நாளைக்கொருமுறை
சங்கத்து ஆள் வாட்ஸப்பில் இரண்டே சொல் அனுப்புவார்:
காவல் நீட்டிப்பு.

கடையில் கை கூசாமல் தூக்கிப் போடுகிறவள்
வீட்டுக் குளியலறையில் ஒன்றையும் தொடவில்லை.
மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிய பிரஷ்,
நாலாபக்கமும் மயிர் விரிந்து, ஐந்து மாதமாய்.
வெடித்த சோப்பு.
கட்டி தட்டிய வேர்க்குருப் பவுடர்.
உப்பு எரிந்த கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்து;
திறந்தால் ஒரு மாதம், அதற்கு மேல் விஷம் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.
அப்புறம் அந்த ரேசர்.
இந்தக் காற்றில் பிளேடு ஒரு வாரம் தாங்காது.

வெள்ளிக்கிழமை மழை.
பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள்.
நான் வரும்போது ஜெர்வின்
தாடையில் துண்டை அழுத்திக்கொண்டு நிற்கிறான்.
பதினைந்து வயசு.
உதட்டுக்கு மேல் ஈ உட்கார்ந்த மாதிரி மீசை,
அதற்கு அப்பாவின் ரேசர்,
பழுப்பேறிய பிளேடு.

ஒரு அறை விட்டேன்.
குடையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.
டிடி ஊசி போட்ட நர்ஸ் கேட்டாள்:
"மெடிக்கல்ல வேல பாக்குற நீ,
வீட்டுல துருப்பிடிச்சத வச்சிருக்கியே?"
ஜெர்வின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்,
"அப்பா வந்ததும் தேடுவாகன்னு அம்மாதான் வச்சிருக்கு."

ராத்திரி அட்டைப்பெட்டி எடுத்து வந்தேன்.
பிரஷ், சோப்பு, பவுடர்.
சொட்டு மருந்தைத் திறந்து மோந்து பார்த்தேன், ஏனென்று தெரியவில்லை.
பிளேடைத் தனியே காகிதத்தில் சுற்றி,
குப்பை எடுக்கிறவர் கை கிழியாமல் டேப் ஒட்டி,
மேலே "பிளேடு" என்று எழுதினேன்.

கடைசியில் ஒரு டப்பா.
கயிறு அறுத்த உள்ளங்கைக்கு நான் வாங்கித் தந்தது.
திருப்பினால் அடியில்
அழுத்தி எழுதிய பால்பென், கோணல் எழுத்து:
"தொரந்தது ஜூன் 21".
பக்கத்தில் சின்னதாய்,
"போதுமாடி".

எப்போது எழுதினானோ.
நச்சரித்ததற்கு நக்கல்.

விரலை மடக்கி எண்ணினேன்.
சட்டப்படி இது இருக்கலாம்,
அடுத்த ஜூன் வரை.
மூடியை இறுக்கித் திருகினேன்.
அங்கே வைக்கவில்லை.
உள்ளே, பீரோவில்,
ஈரம் ஏறாத தட்டில் வைத்தேன்.